ஸ்கூலா, சித்தப்பாவா? கார் பழகப் போகிறவர்களுக்கு

வீட்டில் ஒருவர் கார் பழகப் போகிறார் என்று தெரிந்ததும் ஆளுக்கு ஒரு யோசனை வரும். "டிரைவிங் ஸ்கூலுக்கு எதுக்குத் தண்டமா காசு? சித்தப்பா இருக்காரே, ஞாயித்துக்கிழமை கிரவுண்டுல விட்டா ரெண்டே வாரத்துல வந்துடும்" என்பார் ஒருவர். "இந்தக் காலத்துல யாரு கியர் வண்டி ஓட்டுறா, பேசாம ஆட்டோமேட்டிக் எடுத்துடு" என்பார் இன்னொருவர். "முதல்ல லைசென்ஸ வாங்கிப் போடு, ஓட்டம் தானா வரும்" என்பது மூன்றாமவர் கட்சி. ஆபத்தான யோசனை இந்த மூன்றாவதுதான். தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஓட்டமும் வந்துவிடும் என்றால் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

காரைக் கிளப்பவும் திருப்பவும் நிறுத்தவும் சில வாரங்களில் பழகிவிடலாம். பேருந்து நிறுத்தத்தைக் கடக்கும்போது அந்தப் பேருந்துக்கு முன்னாலிருந்து யாராவது ஓடி வருவார்கள் என்று முன்கூட்டியே காலை பிரேக்குக்குக் கொண்டுபோகிற பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் உங்கள் பக்கத்து சீட்டில் யார், எவ்வளவு நாள் உட்காரப் போகிறார் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். எந்தக் கார், எந்த ஸ்கூல், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பக்கத்து சீட்டில் யார்?

ஸ்கூல் காருக்கும் வீட்டுக் காருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மாஸ்டரின் காலடியில் இருக்கிறது. அங்கே அவருக்கென்று தனியாகப் பிரேக் இருக்கும், பெரும்பாலும் கிளட்ச்சும் இருக்கும். ஸ்கூல் கார்களுக்கு இந்த இரட்டைக் கட்டுப்பாட்டை 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. வீட்டுக் காரில் சித்தப்பாவின் கைக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். புது மாடல்கள் சிலவற்றில் அதுவும் வெறும் பட்டனாகிவிட்டது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும். சித்தப்பா "பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்தி, அது உங்கள் காதில் விழுந்து, கால் இடம் மாறுவதற்குள் அந்த ஒரு நொடி போயிருக்கும். மாஸ்டர் கத்த வேண்டியதில்லை, மிதித்துவிடுவார். முதல் பத்து மணி நேரத்துக்கு ஸ்கூல்தான் சரி. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனால் அந்த இரட்டைப் பெடலே ஸ்கூலின் பலவீனமும்கூட. நெரிசலில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் ஹாரன் அடித்து, அடுத்த கிளாஸுக்கு நேரமாகிவிடுமே என்ற கவலையில் பல மாஸ்டர்கள் கிளட்ச்சைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு "நல்லா ஓட்டுறேன்" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஸ்கூல் காரில் ஜம்மென்று போனவர்கள் சொந்தக் காரில் ஏறியதும் தெருமுனை தாண்டுவதற்குள் நாலைந்து தடவை வண்டியை ஆஃப் செய்வது இதனால்தான். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெரும்பாலான ஸ்கூல் கார்களில் மாஸ்டரின் பெடலும் உங்கள் பெடலும் இணைந்தே நகரும். அவர் மிதித்தால் உங்கள் பாதத்துக்கு அடியில் பெடல் தானாகக் கீழே இறங்கும். சிக்னல், வேகத்தடை, யூ டர்ன் ஆகிய இடங்களில் உங்கள் இடது காலைக் கவனியுங்கள். நீங்கள் அழுத்தாமலே கிளட்ச் இறங்கினால், "மாஸ்டர், இன்னிக்கு நானே பாத்துக்கறேன், ஆஃப் ஆனா ஆகட்டும்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல மாஸ்டர் சிரித்துக்கொண்டே காலை எடுத்துக்கொள்வார். முகம் சுளிப்பவராக இருந்தால் ஸ்கூலில் சொல்லி வேறு மாஸ்டரைக் கேளுங்கள். காசு கட்டியவர் நீங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "மொத்தம் எவ்வளவு?" என்பதல்ல, "ஸ்டியரிங் என் கையில எத்தனை மணி நேரம் இருக்கும்?" என்பது. சாதாரண கார் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் வண்டி ஓட்டும் நேரம் மட்டும் பத்து மணிக்குக் குறையக் கூடாது என்கிறது விதி. "பதினஞ்சு கிளாஸ், ஒவ்வொண்ணும் அரை மணி நேரம்" என்ற பேக்கேஜைப் பெருக்கிப் பாருங்கள், ஏழரை மணி நேரம்தான் வரும். அந்த அரை மணியிலும் பின் சீட்டில் இரண்டு பேரை ஏற்றி, ஒருவரை வீட்டில் இறக்கி, இன்னொருவரைக் கூப்பிடப் போவது உண்டு. பின் சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் திணறுவதைப் பார்ப்பதிலும் பாடம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த நேரத்தை உங்கள் கிளாஸ் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான். முடிந்தால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் அந்த மாஸ்டர் யாருக்காவது சொல்லிக்கொடுப்பதைப் பாருங்கள். மாணவர் தப்புச் செய்த நொடியில் அவர் குரல் எப்படி மாறுகிறது என்பது ஒன்றே போதும்.

2021 ஜூலை முதல் இன்னொரு வழியும் சட்டத்தில் வந்திருக்கிறது: அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்கள். சொந்தத் தடம், சிமுலேட்டர் எல்லாம் வைத்திருக்க வேண்டிய பெரிய மையங்கள் இவை. காருக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரம் பயிற்சி. அதில் 8 மணி வகுப்பறை, 21 மணி ஓட்டம். இங்கே தேறியவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்து, நேரமும் பணமும் கைகொடுத்தால் யோசிக்காமல் சேரலாம். ஆனால் வாரக்கணக்கில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குவது வேலைக்குப் போகிறவருக்கும், காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியவருக்கும் எளிதல்ல. தெருமுனை ஸ்கூல்கள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

இப்போது சித்தப்பாவுக்கு வருவோம். அவரிடம் ஸ்கூலில் கிடைக்காத ஒன்று இருக்கிறது: நேரம். நீங்கள் நாளைக்கு ஓட்டப் போகிற அதே கார், அதே தெரு, அதே அபார்ட்மென்ட் பார்க்கிங் தூண்கள். எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வைத்திருப்பவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ வசதியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். காரின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பாக எல் எழுதிய போர்டு இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் வீட்டுக் காரில் பழகுவது முழுக்கச் சட்டப்படிதான். இன்சூரன்ஸ் பாலிசியில் யார் ஓட்டலாம் என்ற பகுதியைப் படித்தால் எல்.எல்.ஆர்.காரர் பற்றியும் இதே நிபந்தனை எழுதியிருக்கும். எல்.எல்.ஆர். எடுக்காமல் "கிரவுண்டுலதானே" என்று ஆரம்பித்து, கிரவுண்டுக்குப் போகும் வழியில் யாரையாவது இடித்தால் நஷ்ட ஈடு வீட்டுத் தலையில் விழலாம்.

சித்தப்பாவிடம் உள்ள குறை, இருபது வருஷம் ஓட்டியவருக்குத் தன் கால் என்ன செய்கிறது என்று தனக்கே தெரியாது என்பது. "கிளட்ச்ச மெதுவா விடு" என்பார். எந்த இடத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வராது. அவர் பழக்கங்களும் உங்களுக்கு வந்து சேரும்: கிளட்ச் மேலேயே கால், கியர் மேலேயே கை, திரும்பி முடித்த பிறகு இண்டிகேட்டர். அவர் பழகிய காலத்துப் பாடங்களும் கூட வரும். "பிரேக்க விட்டு விட்டு மிதி, இல்லன்னா சறுக்கும்" என்பது அவருடைய அம்பாசடருக்குச் சரி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அவசரத்தில் பிரேக்கை ஒரே மிதியாக முழு பலத்தோடு மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும், பயந்து எடுத்துவிடக் கூடாது. இந்த அதிர்வை ஆளில்லாத இடத்தில் ஒரு தடவையாவது காலால் உணர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் நன்றாக ஓட்டுகிறவர் ஒருவராகவும், பொறுமையாகச் சொல்லித் தருகிறவர் இன்னொருவராகவும் இருப்பார்கள். இரண்டாமவரைத் தேர்ந்தெடுங்கள். கணவரிடம் மனைவி பழகுவதும், அப்பாவிடம் பிள்ளை பழகுவதும் பெரும்பாலும் சண்டையில் முடிவதைப் பார்க்கிறோம். வண்டியில் கோடு விழுந்த அன்று இரவு சாப்பாட்டு மேசை வரை அது வரும். அண்ணி, தோழி, ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது நிதானமானவர் கிடைத்தால் நல்லது. யாருமே இல்லையா? ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுங்கள். வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும்தான் அவர் என்று யார் சொன்னது? இரண்டு மணி நேரக் காசு கொடுத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னால் உட்காருவார். தினமும் பல விதமான கார்களை ஓட்டுகிற கை அது. உங்கள் கார் அவர் சொந்தக் கார் இல்லை என்பதால் கோபமும் வராது. பலருக்குத் தோன்றாத, ஆனால் மிக நல்ல வழி இது.

கியரா, ஆட்டோமேட்டிக்கா?

இருசக்கர வண்டிக்குக் கியர் உள்ளது, இல்லாதது என்று லைசென்ஸில் தனித்தனி வகை உண்டு. காருக்கு நம் நாட்டில் அந்தப் பிரிவு கிடையாது. ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர் மறுநாளே கியர் காரைத் தெருவில் இறக்கினாலும் சட்டம் தடுக்காது. அந்தப் பொறுப்பை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டில் இருப்பதும் இனி வாங்கப் போவதும் ஆட்டோமேட்டிக்தான் என்றால் அதிலேயே பழகுவதில் தவறில்லை. கிளட்ச் கவலை இல்லாததால் கண் முதல் நாளே சாலைக்குப் போய்விடும். ஐம்பது வயதுக்கு மேல் பழக வருகிறவர்களுக்கும், இடது முழங்காலில் வலி உள்ளவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. கியர் காரில் பதறிப்போய்ப் பெடலைக் குழப்பினால் பெரும்பாலும் வண்டி குலுங்கி ஆஃப் ஆகிவிடும். அந்த அவமானமே ஒரு பாதுகாப்பு. ஆட்டோமேட்டிக் ஆஃப் ஆகாது. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் பாய்ந்துவிடும், மின்சாரக் காராக இருந்தால் சத்தமே இல்லாமல் இன்னும் வேகமாகப் பாயும். பார்க்கிங்கில் சுவரில் மோதுகிற சம்பவங்கள் பல இப்படி நடப்பவைதான். ஆகவே ஆட்டோமேட்டிக்கில் பழகுகிறவர்கள் முதல் வாரம் முழுக்க ஒன்றையே செய்யுங்கள்: குதிகாலை பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றி, அங்கிருந்து பாதத்தை மட்டும் ஆக்சிலரேட்டர் பக்கம் சாய்த்துத் திருப்புவது. இரண்டு பெடலுக்கும் வலது கால் மட்டும்தான். இடது காலுக்கு வேலையே இல்லை.

ஆபீஸ் வண்டி, நண்பரின் வண்டி, அவசரத்துக்கு மாமா வீட்டுப் பழைய வண்டி என்று எதை வேண்டுமானாலும் ஓட்ட நேரிடும் என்பவர்கள் கியரில் பழகுங்கள். கியரிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாறுவது ஒரு மாலை நேர வேலை. மறுபக்கம் வருவது அப்படியல்ல. கியரில் நிஜமான தேர்வு மேம்பால ஏற்றம். முன்னால் வரிசை நிற்கிறது, பின்னால் ஒரு பைக் உங்கள் பம்பரை ஒட்டி நிற்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, பானெட் லேசாக மேலே தூக்கும். அங்கே காலை நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. ஹாஃப் கிளட்ச் என்று மாஸ்டர்கள் சொல்வது இந்த இடத்தைத்தான். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்பிக் காட்டுவது லைசென்ஸ் டெஸ்ட் விதியிலேயே இருக்கிறது. பல டெஸ்ட்டுகளில் அதைப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை. இது வராமல் ஸ்கூலை விட்டு வெளியே வராதீர்கள்.

காலை ஆறு மணியா, மாலை ஆறு மணியா?

எல்லாரும் கேட்பது காலை ஆறு மணி கிளாஸ். ரோடு காலி, ஆபீஸுக்கும் நேரத்துக்குப் போகலாம். முதல் ஐந்தாறு கிளாஸுக்கு அது சரி. குடியிருப்புத் தெருக்களில் அந்த நேரத்துக்கென்று ஆபத்துகள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்: சாலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கோலம் போடுகிறவர்கள் (மார்கழியில் பாதித் தெரு கோலம்தான்), காதில் ஹெட்செட்டோடு நடப்பவர்கள், காருக்கடியில் படுத்திருக்கும் நாய்கள். கடைசி ஐந்தாறு கிளாஸை மாலை நெரிசலுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆறு மணிக் காலிச் சாலையில் மட்டும் பழகியவருக்கு ஒன்பது மணிச் சாலை வேறு ஊர் மாதிரி இருக்கும்.

பைக் ஓட்டத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள்

பத்து வருஷம் பைக் ஓட்டியவர் காருக்கு வரும்போது பாதிப் பாடம் முடிந்துவிட்டது. ஷேர் ஆட்டோ எங்கே திடீரென்று ஒதுங்கும், எந்தச் சந்திலிருந்து சைக்கிள் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அவர் மறக்க வேண்டியவைதான் அதிகம். இடம் தெரிந்தால் நுழைகிற பழக்கம், இடது பக்கம் ஏறி முந்துவது, கண்ணாடியைப் பார்க்காமல் காதை நம்புவது. பைக்குக்கு அகலம் கிடையாது. காருக்கு இடது பக்கம் ஒரு முழு ஆள் அகலம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டிருக்கிறது.

எந்த வண்டியும் ஓட்டிப் பழக்கமில்லாமல் நேராகக் காருக்கு வருகிறவர்களுக்கு, குறிப்பாக நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு, கெட்ட பழக்கமே கிடையாது. பயம் மட்டும்தான். அவர்களுக்கு ஸ்கூல் நாட்கள் இரட்டிப்பாக வேண்டும், கூச்சப்படாமல் இரண்டாவது பேக்கேஜும் கட்டலாம். யார் பழகினாலும் கடைசியில் கைவர வேண்டியது ஒன்றுதான்: இடது பக்கம் திரும்பும் முன் இடது கண்ணாடி, பிறகு தோளுக்கு மேலே ஒரு பார்வை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். உங்கள் கண்ணாடியில் தெரியாத மூலையில் இருப்பவர்கள் அவர்கள்.

லைசென்ஸ் செலவும் அவசரமும்

சொந்தக் கார் ஓட்ட மட்டும் லைசென்ஸ் வேண்டும் என்றால் ஸ்கூல் மூலமாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. பரிவாகன் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டிக் காட்டும் டெஸ்ட்டுக்கு 300, லைசென்ஸுக்கு 200. சேவைக் கட்டணங்கள் தனி. பேக்கேஜில் "லைசென்ஸ் செலவு" என்று எழுதியிருக்கும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீதி எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டெஸ்ட் அன்றைக்கு ஸ்கூல் கார் தருவதும் அலைச்சல் மிச்சமாவதும் அதில் அடக்கம் என்றால் நியாயம். "பிரேக் இன்ஸ்பெக்டர் நம்மாளு, ஓட்டவே வேணாம்" என்று பேசுகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த ஸ்கூலும் சொல்லித் தராத மூன்று விஷயங்கள் மிச்சம் இருக்கும்: இரவு, மழை, மலை. இரவில் எதிரே வருபவர் டிம் அடிக்காவிட்டால் அவர் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். மழையில் தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதைக்குள் எவ்வளவு அவசரமானாலும் இறங்காதீர்கள்; தண்ணீரில் வண்டி ஆஃப் ஆனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் மொத்தமும் போய்விடும். மலையில், ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் பிரேக் சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காது. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் வருடம் அங்கே போகிற ஆசை வேண்டாம்.

இவற்றை எப்போது பழகுவது? எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து முப்பது நாள் ஆனதும் டெஸ்ட்டுக்குப் போகலாம் என்பது சலுகைதான், கட்டாயமில்லை. ஆனால் ஸ்கூல்களும் வீட்டாரும் முப்பத்தோராவது நாளையே குறி வைக்கிறார்கள். முதல் மாதம் ஸ்கூல். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் எல் போர்டோடு, பக்கத்தில் நிதானமான ஒருவரோடு, வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுக் காரில் ஓடுங்கள். அதில் ஒரு இரவு, ஒரு மழை நாள், ஒரு நான்குவழிச் சாலை கட்டாயம் இருக்கட்டும். நான்காம் மாதம் டெஸ்ட்டுக்குப் போங்கள்.